எங்கள் ஆண்டு: 1960

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் 1960ஆம் ஆண்டு எஸ்.எஸ்.ஸி. வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பும் தன் காலத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். எங்களுக்கு முன் பேசியவர்கள் வலைப்பந்தாட்டக் கேடயத்தையும், விடுதிச்சாலைப் புட்டையும், சுவரேறி மாங்காய் பிடுங்கியதையும் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார்கள். எங்களிடமும் அந்தக் கதைகள் உண்டு. மாங்காய் விடயத்தில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்களல்லர். ஆனால் எங்கள் வகுப்பில் இப்போது எஞ்சியிருப்பவர்கள் பதினொரு பேர். நாங்கள் தொலைபேசியில் கூடிப் பேசியபோது, மாங்காயை விட்டு அந்த ஓராண்டைப் பற்றியே பேசுவோம் என்று முடிவாயிற்று. 1960இல் எங்களுக்குப் பதினாறு வயது. அந்த வருடம் நாட்டில் நடந்தவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழியில் எங்கள் வகுப்பறைக்குள் வந்து போயின. பத்து நிமிடத்துக்குள் முடிப்போம் என்று வாக்குத் தரவில்லை.

எங்களிடம் ஒரு சாட்சியும் உண்டு. குடியியல் படிப்பித்த ரீச்சர் அந்த வருடம் தை மாதம் எங்களிடம் ஒரு பெரிய கணக்குக் கொப்பியைத் தந்து, "பிள்ளையள், இந்த வருசம் முழுக்கப் பேப்பரில வாறதை வெட்டி ஒட்டுங்கோ. பக்கத்தில உங்கட சொந்த வசனத்தில ஒரு வரி எழுதுங்கோ" என்றார். வீரகேசரி, தினகரன், யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வரத் தொடங்கியிருந்த ஈழநாடு ஆகியவற்றை வீடுகளிலிருந்து கொண்டு வந்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டினோம். அந்தக் கொப்பி இன்று ரொறன்ரோவில் எங்களில் ஒருத்தியின் அலமாரியில் இருக்கிறது. பருக்கை ஒட்டிய இடமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. எழுதிய வரிகள் மட்டும் நன்றாகத் தெரிகின்றன. அவற்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்தே இப்போது பேசுகிறோம்.

முதற் பக்கத்தில் தேர்தல். அதற்கு முந்திய வருடம் செப்டெம்பர் 25ஆம் திகதி பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தம் வீட்டில் சுடப்பட்டு, மறுநாள் இறந்திருந்தார். அவருக்குப் பின் வந்த டபிள்யூ. தஹநாயக்க டிசம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தார். 1960 மார்ச் 19ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, தேர்தல். அதற்கு முந்திய பொதுத் தேர்தல்களெல்லாம் பல நாட்களாகப் பிரித்து நடத்தப்பட்டவை. நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களித்தது அதுவே முதல் தடவை. தொகுதிகளையும் புதிதாகப் பிரித்திருந்தார்கள். 151 பேர் தெரிவு செய்யப்பட வேண்டும், ஆறு பேர் நியமனம், ஆக மொத்தம் 157.

எங்கள் கல்லூரி மண்டபம் வாக்களிக்கும் நிலையமாயிற்று. விடுதிச்சாலைப் பிள்ளைகள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கே பெண்களின் வரிசை வாசல் தாண்டி வேலி வரை நின்றதாம். கொப்பியில் இருக்கும் வரி இது: "ஆச்சிமார் தலையில் எண்ணெய் வைத்து, கோயிலுக்குப் போவது போல் வந்தார்கள்." எங்களில் ஒருத்தியின் ஆச்சிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கை, யானை, வீடு, திறப்பு என்ற சின்னங்களை மட்டும் தெரியும். 1931இல் இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது அவர் இளம் தாய். அன்றிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. ஆனால் தாம் யாருக்குப் போட்டார் என்று ஆச்சாவுக்குச் சொன்னதில்லை. "அது என்ர வாக்கு, உம்மட வாக்கில்லை" என்பாராம்.

யாழ்ப்பாணத் தொகுதியில் ஜீ.ஜீ. பொன்னம்பலம் தோற்றார், அல்பிரட் துரையப்பா வென்றார். வீடுகளில் அன்று சோறு இறங்கவில்லை. பொன்னம்பலம் தோற்பார் என்று எங்கள் தகப்பன்மார் கனவிலும் நினைத்திருக்கவில்லை. தமிழரசுக் கட்சி 15 இடங்களுடன் வடக்கு கிழக்கின் பெரிய கட்சியாயிற்று. நாட்டில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 46. ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லை. டட்லி சேனநாயக்க அரசாங்கம் அமைத்தார். ஏப்ரல் 22ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் 86க்கு 61 என்று தோற்றார். தமிழரசுக் கட்சியும் எதிராக வாக்களித்தது. ஒரு மாதமும் ஒரு நாளும் நீடித்த அரசாங்கம். எங்கள் ரீச்சர் சிரித்துக்கொண்டே, "பிள்ளையள், மந்திரிமாரின்ர பெயரைப் பாடமாக்கினவை இருந்தா மறந்துபோங்கோ" என்றார். நாங்கள் பாடமாக்கி முடித்திருந்தோம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இனி ஜூலை. இந்தப் பக்கத்தில்தான் கொப்பி தடித்துப்போய் இருக்கிறது.

ஜூலை 20ஆம் திகதி மறுபடி தேர்தல். சுதந்திரக் கட்சிக்கு 75 இடங்கள், ஐக்கிய தேசியக் கட்சிக்கு 30. வாக்குகளைக் கூட்டிப் பார்த்தால் ஐக்கிய தேசியக் கட்சிக்கே அதிகம். இடதுசாரிக் கட்சிகளுடன் போட்டித் தவிர்ப்பு உடன்பாடு செய்துகொண்டதால் இடங்கள் மற்றப் பக்கம் போயின. அதையும் ரீச்சர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். மறுநாள் வியாழக்கிழமை, ஜூலை 21ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்தார். உலகத்தில் எந்த நாட்டிலும் ஒரு பெண் தேர்தல் வழியாக அந்தப் பதவிக்கு வந்ததில்லை. அவருக்கு வயது 44, மூன்று பிள்ளைகளின் தாய். அவர் ஒரு தொகுதியிலும் போட்டியிடவில்லை. செனற் சபைக்கு நியமிக்கப்பட்டு அந்த வழியால் வந்தார். கணவரின் பேச்சுக்களை ஒலிப்பதிவு நாடாவில் கூட்டங்களில் போட்டுக் காட்டி வாக்குக் கேட்டவர், அழுது வென்றவர் என்று எங்கள் மாமாமார் கேலி செய்தார்கள்.

விடுதிச்சாலை மேற்பார்வையாளர் அம்மாவின் அறையில் ஒரு வால்வ் றேடியோ இருந்தது. செய்தி நேரத்தில் அதை வாசலில் தூக்கி வைத்தார். நாங்கள் வெறும் நிலத்தில் இருந்து கேட்டோம். எங்களுக்கு அரசியல் தெரியாது. அவருடைய கட்சிதான் 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் கொண்டுவந்த கட்சி என்பது மட்டும் நன்றாகத் தெரியும். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் 1958 கலவரத்தில் கொழும்பில் வீடிழந்து, கப்பலில் வடக்கே வந்து இங்கே சேர்ந்தவர்கள். அப்படியிருந்தும், உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அந்தச் செய்தி கேட்ட நேரம் நாங்கள் கை தட்டினோம். அந்த இரண்டு பேரில் ஒருத்தியும் தட்டினாள். மற்றவள் எழுந்து உள்ளே போனாள். இரண்டையும் நாங்கள் மறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விவாத அரங்கு. "பெண்கள் நாட்டை ஆளத் தகுதியுடையோர்" என்பது பொருள். எதிர்த்துப் பேச ஒருவரும் வரவில்லை. ரீச்சர் மூன்று பேரைப் பிடித்துக் கட்டாயமாக எதிரணியில் இருத்தினார். அந்த எதிரணிதான் வென்றது! காரணம், அதன் தலைவி பெண்களைப் பற்றிப் பேசவேயில்லை. "ஆளத் தகுதியுடையவர் யாராயிருந்தாலும், ஆளப்படுவோரின் பாஷையில் ஒரு கடிதம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்" என்றாள். அதற்கு மேல் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அந்தத் தலைவி பிற்காலத்தில் சட்டத்தரணியானது எங்களுக்கு ஆச்சரியமாயிருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை தட்டிய எங்களில் ஒருத்திக்கும் அன்று தோன்றாத விடயம் அது. நாட்டின் தேயிலைக்கொழுந்தைக் கிள்ளிய தமிழ்ப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் அவர்கள் நாடற்றவர்கள். வேலி வரை நின்ற எங்கள் ஆச்சிமாரின் வரிசையைப் பற்றிப் பெருமையாக எழுதிய கொப்பியில், அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஊர் வீடுகளில் வேலைக்கு நின்ற மலைநாட்டுச் சிறுமிகளை நாங்கள் தினமும் கண்டவர்கள்தான்.

ஓகஸ்ட் மாதம் சிம்மாசனப் பிரசங்கம். அதன் பின் ஊரெல்லாம் ஒரே பேச்சு: பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது.

இளைய சகோதரிகளுக்கு இது விளங்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் அரசாங்கம் கட்டியவை அல்ல. 1814 தொடக்கம் வந்த மிஷன்கள் கட்டியவை, அதற்கு எதிராக நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப் பாடசாலையின் வழியில் வந்தவை, ஊர்ப் பெரியவர்கள் காணி கொடுத்துக் கட்டியவை. பெண்களுக்கென்று உடுவிலில் 1824இலேயே விடுதிப் பாடசாலை வந்துவிட்டது. இராமநாதன் கல்லூரி 1913இல் வந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த பிறகு, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது. முகாமை மட்டும் மிஷனிடமோ சபையிடமோ இருந்தது. இவைதான் உதவி பெறும் பாடசாலைகள். நாடு முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேல். யாரை ஆசிரியராக எடுப்பது, யாரைச் சேர்ப்பது, காலையில் எந்தப் பிரார்த்தனை சொல்வது என்பதெல்லாம் முகாமையாளர் கையில். சம்பளம் பொதுப் பணம், அதிகாரம் தனிக் கை. சிங்கள பௌத்தர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எங்கள் தரப்பில் அது முழுவதும் வீண் குற்றச்சாட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

கல்வி மந்திரி பதியுதீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிராக் கல்லூரியில் அதிபராயிருந்தவர். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் முதலாம் திகதி தொடக்கம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை கல்வித் திணைக்களப் பணிப்பாளரிடம் போகும். முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகள் மட்டும் விரும்பினால் தனியாக நிற்கலாம். ஆனால் அரசாங்க நன்கொடை கிடையாது, மாணவர்களிடம் கட்டணம் அறவிடவும் கூடாது. சிறிய பாடசாலைகளுக்கு அந்தத் தெரிவும் இல்லை. பிரதமர் அம்மையார் தாமே கொழும்பில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் மடப் பாடசாலையில் படித்தவர் என்பதை எங்கள் கொப்பியில் யாரோ சிவப்பு மையால் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து யாருடையது என்று இன்றும் எங்களுக்குள் வழக்கு.

காசில்லாமல், கட்டணமில்லாமல் ஒரு பெண்கள் கல்லூரியை நடத்துவது எப்படி? ஐப்பசியில் இந்த மண்டபத்தில்தான் கூட்டம் நடந்தது. பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவிகள், முகாமைச் சபையினர் எல்லாரும் வந்தார்கள். மூத்த வகுப்பென்று எங்களைப் பின் வாங்கில் இருக்க விட்டார்கள். மழை. தகரக் கூரையில் சத்தம். பேசுபவர்கள் கத்திப் பேச வேண்டியிருந்தது. அதனாலேயே பலருக்குக் கோபம் வந்தது போலிருந்தது என்று இன்று நினைக்கிறோம்.

தனியாக நிற்போம் என்றவர்கள் பழைய மாணவிகள்தான். ஒருவர் எழுந்து தம் கையிலிருந்த ஒரு சோடி காப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் இருவர் வைத்தார்கள். மண்டபம் அழுதது, நாங்களும் அழுதோம். அதன் பின் முகாமைச் சபையின் கணக்காளர் எழுந்து, ஒரு மாதச் சம்பளச் செலவை வாசித்தார். பிறகு விடுதிச்சாலைச் செலவு, திருத்த வேலைச் செலவு. அவர் குரலை உயர்த்தவில்லை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. மூன்று சோடி காப்பும் சேர்ந்து எத்தனை நாளைக்குப் போதும் என்று எல்லாரும் மனதுக்குள் கணக்குப் பார்த்தது எங்களுக்குத் தெரிந்தது.

அப்போது ஒரு தகப்பனார் பேசினார். சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்பவர். நான்கு பெண்பிள்ளைகள், மூத்தவள் எங்கள் வகுப்பு. "அம்மாமார், நீங்கள் காப்பைக் கழற்றிறியள். எனக்குக் கழற்ற ஒண்டுமில்லை. நாளைக்குத் தனிப் பள்ளிக்கூடமெண்டால் கட்டணம் இல்லையெண்டு சொல்லுவியள். பிறகு கட்டிட நிதி, களியாட்ட நிதி எண்டு பிள்ளையிட்டைக் கேட்பியள். குடுக்காத பிள்ளை வகுப்பில தலை குனிஞ்சுதான் இருக்கும்" என்றார். பின் வாங்கில் அவர் மகளின் பக்கத்தில் இருந்தவர்கள் நாங்கள். அவள் அப்போது தலை குனிந்துதான் இருந்தாள். அதற்கு முந்திய மாதம் சேகரித்த நிதிக்கு அவள் பங்கு தராததற்காக நாங்கள் அவளுடன் இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்கள்.

முகாமைச் சபை கல்லூரியை அரசாங்கத்திடம் ஒப்படைப்பதென்று முடிவு செய்தது. யாழ்ப்பாணத்தில் வேம்படி போன்றவையும் அரசாங்கத்திடம் போயின. சுண்டிக்குளியும் உடுவிலும் தனியாக நின்றன. எது சரி என்று அறுபது வருடத்துக்கு மேலாகக் கலியாண வீடுகளில் விவாதிக்கிறோம். தனியாக நின்ற கல்லூரிகளின் பழைய மாணவிகள் பட்ட பாட்டை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களை வணங்குகிறோம். எங்களவர்களும் கோழைகள் அல்லர்.

டிசம்பர் முதலாம் திகதி வியாழக்கிழமை. எங்களுக்குச் சோதனைக் காலம். ஒன்றும் நடக்கவில்லை! மணி அடித்தது, பிரார்த்தனை நடந்தது. என்னவோ வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். சில நாட்கள் கழித்து வித்தியாதரிசி ஒருவர் ஒரு லிகிதருடன் வந்து, கதிரை, மேசை, வாங்கு, கரும்பலகை, மணி, சுவர்க் கடிகாரம் என்று எண்ணி எழுதத் தொடங்கினார். மண்டபத்துக்கு வந்து பியானோவை எழுதப் போனபோது, எங்கள் சங்கச் செயலாளராயிருந்த அம்மா கைப்பையைத் திறந்து ஒரு பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினார். பியானோவை வாங்கியது கல்லூரியல்ல, பழைய மாணவிகள் சங்கம். வித்தியாதரிசி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, தாம் எழுதிய வரியை வெட்டினார். "அப்ப இதை எங்க கொண்டுபோகப் போறியள், அம்மா?" என்று கேட்டார். "ஒரு இடமும் இல்லை. இஞ்சையே நிக்கட்டும். ஆனால் எங்கடை" என்றார் செயலாளர்.

அந்தப் பியானோ இப்போது மேடைக்கு இடப்பக்கம் நிற்பது. இரண்டு தடவை ஷெல் விழுந்த மண்டபத்தில், சுருதி கெட்டும் கெடாமலும் நிற்கிறது. அதிபர் அவர்கள் கவனிக்க, அது இன்னும் சங்கத்தினுடையதுதான்.

அரசாங்கப் பாடசாலையான பிறகு இழந்தவை பல. இரண்டு வருடத்துக்குள் எங்கள் ரீச்சர்மார் பலர் இடமாற்றத்தில் போனார்கள். குடியியல் ரீச்சரை மன்னாருக்கு அனுப்பினார்கள். விடுதிச்சாலை தேய்ந்து, பின் மூடப்பட்டது. தண்ணீர்க் குழாய் உடைந்தால் திருத்த, கடிதம் கொழும்பு போய்த் திரும்ப வேண்டியிருந்தது. இவற்றைச் சொல்லிச் சொல்லி நாங்கள் பல காலம் அழுதோம்.

பெற்றதைச் சொல்ல எங்களுக்கு நாற்பது வருடம் எடுத்தது. எங்கள் வகுப்பில் நாங்கள் முப்பத்திரண்டு பேர். அந்த முப்பத்திரண்டில், கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் அப்போது விடப்படாதவர்களின் பிள்ளை ஒருத்திகூட இல்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அது எங்கள் வாசலுக்குள் வரவில்லை. "இடமில்லை" என்ற ஒரு சொல் போதுமானதாயிருந்தது. ஒருவரும் காரணம் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அரசாங்கம் எடுத்த பிறகு, உடனே அல்ல, மெல்ல மெல்ல, அந்த வாசல் திறந்தது. சில வருடங்களுக்கு முன் இதே மேடையில் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வந்த வைத்தியர், தம் தாயார் 1950களில் இந்த வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் என்று சொன்னார். குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. முன் வரிசையில் இருந்த நாங்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பியானோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேச்சு நீண்டுவிட்டது. ஆனால் அந்த வருடத்தின் கடைசி நாளைச் சொல்லாமல் இறங்க முடியாது.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர 1960 டிசம்பர் 31 வரை தவணை கொடுத்திருந்தார்கள். 1961 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அரச நிருவாகம் சிங்களத்தில். சுதந்திரக் கட்சிக்கும் தமிழரசுக் கட்சிக்கும் இடையில் ஏப்ரலில் ஏதோ இணக்கம் என்று நம்பியிருந்தார்கள். 75 இடங்களின் பிறகு அந்த இணக்கத்தின் தேவை கொழும்புக்கு இருக்கவில்லை. நீதிமன்ற மொழிச் சட்டமும் பின்னாலேயே வந்தது, 1961ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கம்.

எங்களில் பாதிப் பேரின் தகப்பன்மார் தெற்கில் உத்தியோகம். மாதக் கடைசியில் யாழ்தேவியில் வந்து, திங்கட்கிழமை திரும்புபவர்கள். யாழ்ப்பாணத்தில் காணி குறைவு, தண்ணீர் குறைவு. ஆங்கிலம் படித்து லிகிதராவதுதான் விளைச்சல். எங்கள் கல்லூரியே அந்த மணியோடர்களால் வளர்ந்தது என்றால் மிகையில்லை. அந்த நத்தார் விடுமுறைக்கு வந்த தகப்பன்மார் பெட்டிக்குள் சிங்கள அரிச்சுவடி வைத்திருந்தார்கள். ஐம்பது வயது மனிதர்கள், விளக்கு வெளிச்சத்தில், பிள்ளைகளுக்குத் தெரியாமல் எழுதிப் பழகினார்கள். சிலர் பழகவில்லை. கப்பலில் வந்தவள் என்று சொன்னோமே, எழுந்து உள்ளே போனவள், அவளுடைய தகப்பனார் இருபத்தாறு வருடம் ஒரு திணைக்களத்தில் வேலை செய்தவர். சோதனைக்கு இருக்க மாட்டேன் என்றார். சம்பள ஏற்றம் நின்றது. இரண்டு மூன்று வருடத்தில் ஒரு தகரப் பெட்டியும் குடையுமாக வந்து இறங்கினார். அவளுக்குப் பேராதனைக்கு அனுமதி கிடைத்திருந்தது. போகவில்லை. தம்பிமாரைப் படிப்பிக்க ஆசிரியரானாள். எங்கள் வகுப்பில் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி அவள்தான். இதை அவள் இருக்கும்போது சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை.

பெப்ரவரி 20ஆம் திகதி கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. எங்கள் அக்காமாரும் அம்மாமாரும் அங்கே போய் இருந்தார்கள். அது 1961, அடுத்த வகுப்பின் கதை. அவர்கள் சொல்லட்டும்.

கொப்பியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. டிசம்பர் 23ஆம் திகதிக்குப் பிறகு ஆறு பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. அழகாக, அடிமட்டம் வைத்துக் கிழித்திருக்கிறது. 31ஆம் திகதிக்கு என்ன ஒட்டினோம், என்ன எழுதினோம் என்று எங்கள் பதினொரு பேருக்கும் நினைவில்லை. யாராவது பத்திரமாக எடுத்து வைத்திருக்கலாம். அம்மாவின், பெரியம்மாவின் பழைய பெட்டிகளைத் திறப்பவர்கள், நீலக் கோடு போட்ட கணக்குக் கொப்பித் தாள்களில், பருக்கை ஒட்டிய பத்திரிகைத் துண்டுகளைக் கண்டால், எறிந்துவிடாமல் சங்கச் செயலாளருக்கு அறிவியுங்கள். படம் பிடித்து அனுப்பினாலும் போதும்.